குவைத்தில் கொல்லப்பட்ட பிலிப்பைன்ஸ் பணிப்பெண்களும் இரு நாட்டுத் தகராறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடா நாடுகளில் வீட்டுவேலைக்குப் போகிறவர்களைப் பற்றி எங்கே பேசினாலும் பிலிப்பைன்ஸ்-குவைத் விவகாரம் வந்துவிடுகிறது. கூடவே அதே சந்தேகங்களும் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் தோரணையிலேயே விட்டிருக்கிறேன். கொல்லப்பட்ட பெண்களின் பெயர்களைச் சொல்லவில்லை. ஆண்டை வைத்தே குறிப்பிடுகிறேன்.

முதலில், என்னதான் நடந்தது? எத்தனை கொலைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

பெரிதாகப் பேசப்பட்டவை நான்கு மரணங்கள். 2018 பிப்ரவரி 6 அன்று குவைத்தில் ஓராண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்த ஓர் அடுக்குமாடி வீட்டைத் திறந்தார்கள். உள்ளே இருந்த உறைபெட்டியில் ஒரு பெண்ணின் உடல் இருந்தது. வயது 29, பிலிப்பைன்ஸின் இலோய்லோ மாகாணத்தைச் சேர்ந்தவர். உடலில் சித்திரவதையின் தடயங்கள். அவரை வேலைக்கு வைத்திருந்த தம்பதியர் முன்பே நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள்.

2019 மே மாதம் இன்னொரு பணிப்பெண் உடல் முழுக்கக் காயங்களோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு இறந்தார். அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் மூன்றாமவர், முதலாளி வீட்டிலேயே அடிபட்டு இறந்தவர். 2023 ஜனவரியில் நான்காமவர். 35 வயதான அவருடைய உடல் பாலைவனத்தில் எரிந்த நிலையில் கிடைத்தது. கைதானவன் அவர் வேலை செய்த வீட்டின் 17 வயது மகன்.

பணிப்பெண்கள் எல்லா வளைகுடா நாடுகளிலும் சாகிறார்கள். குவைத் பெயர் மட்டும் ஏன் இவ்வளவு அடிபட்டது?

அந்த உறைபெட்டிதான் காரணம். சில மரணச் செய்திகளைக் கேட்டு, பிலிப்பைன்ஸ் அதிபர் துதெர்தே 2018 ஜனவரியிலேயே குவைத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவைத்திருந்தார். சில வாரங்களில் இந்த உடல் கிடைத்தது. அந்தக் குடும்பம் 2017லேயே தங்கள் பெண்ணிடமிருந்து தகவல் இல்லை என்று அரசிடம் முறையிட்டிருந்தது. அனுப்பிய ஏஜென்சியோ அதற்குள் மூடப்பட்டிருந்தது. ஆக, ஒருவர் காணாமல் போனது தெரிந்தும் இரண்டு நாட்டிலும் ஒருவரும் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கவில்லை. மணிலாவில் எழுந்த கோபத்தில் பாதி குவைத்தின் மேல் என்றால், மறுபாதி தன் சொந்த அரசின் மேல். துதெர்தே துக்க வீட்டுக்கு நேரில் போனதற்கு அந்த மறுபாதியும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். அப்போது குவைத்தில் சுமார் இரண்டரை லட்சம் பிலிப்பைன்ஸ் நாட்டவர் இருந்தார்கள்; அவர்களில் பாதிக்கு மேல் வீட்டுவேலை செய்தவர்கள்.

கஃபாலா, கஃபாலா என்கிறார்களே, அது என்ன?

வெளிநாட்டுத் தொழிலாளி நாட்டுக்குள் இருப்பதற்கு ஓர் உள்ளூர் ஆள் பொறுப்பேற்கும் ஏற்பாடு. பொறுப்பேற்பவர் கபீல். விசா அவர் பெயரைச் சார்ந்தது, தங்கும் அனுமதியை அவர்தான் புதுப்பிக்க வேண்டும், வேலை மாறவும் பெரும்பாலும் அவர் சம்மதம் வேண்டும். அலுவலகத்திலோ கட்டுமானத் தளத்திலோ வேலை செய்பவருக்கே இது இடைஞ்சல். வீட்டுவேலைக்காரருக்கோ முதலாளியும் கபீலும் வீட்டுக்காரரும் எல்லாம் ஒரே ஆள். சம்பளம் தராதவரிடமே போய், நான் உங்களை விட்டுப் போகலாமா என்று அனுமதி கேட்க வேண்டும்.

அனுமதியில்லாமல் வீட்டை விட்டு வெளியேறினால், ஆள் ஓடிவிட்டார் என்று கபீல் புகார் கொடுக்கலாம். புகார் பதிவானதும் அடிபட்டு வெளியே வந்த பெண்தான் சட்டத்தை மீறியவராகிறார். பின்னால் வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை. நம்மவர்கள் காதிம் விசா என்று சொல்வதும் இந்த வீட்டுவேலை விசாவைத்தான்.

குவைத்தில் இவர்களுக்கென்று சட்டமே கிடையாதா?

இருக்கிறது. வளைகுடாவில் வீட்டுவேலைக்காரருக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்ததில் குவைத் முந்திக்கொண்ட நாடு என்றே சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம் வாரம் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுமுறை, ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வேலை முடிந்து போகும்போது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை என்று விதித்தது. 2016இல் குறைந்தபட்சச் சம்பளமாக 60 தினார் நிர்ணயிக்கப்பட்டது.

நான்கு மரணங்களும் இந்தச் சட்டம் வந்த பிறகு வெளிச்சத்துக்கு வந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனிக்குள் தொழிலாளர் துறை அதிகாரி நுழைந்து பதிவேட்டைப் புரட்டலாம். வீட்டுக்குள் அப்படி நுழைய முடியாது. வீடு என்பது தனிமனித இடம் என்று சட்டமும் வழக்கமும் காக்கின்றன. பன்னிரண்டு மணி நேரத்தை யார் எண்ணுவது? வெள்ளிக்கிழமை அவர் வெளியே போனாரா இல்லையா என்று யார் பார்ப்பது?

பிலிப்பைன்ஸ் உடனே தடை போட்டது. தன் மக்களைக் காக்க ஓர் அரசு செய்ய வேண்டியது அதுதானே?

கோபத்துக்கு அது நியாயம். அந்த நாட்டுச் சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. 1995இல் சிங்கப்பூரில் ஒரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டபோது மணிலா கொந்தளித்தது. வெளியுறவு அமைச்சரே பதவி விலகினார். அந்த ஆண்டு வந்த 8042ஆம் எண் சட்டமும் 2010இல் அதற்கு வந்த திருத்தமும், தொழிலாளருக்குப் பாதுகாப்பு உள்ள நாட்டுக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும் என்கின்றன. 2018 பிப்ரவரியில் முழுத் தடை வந்ததோடு, ஊர் திரும்ப விரும்பியவர்களுக்கு இலவச விமானப் பயணமும் ஏற்பாடானது. குவைத் அப்போது அறிவித்திருந்த பொதுமன்னிப்பைப் பயன்படுத்தி ஆயிரக்கணக்கானோர் திரும்பினார்கள்.

ஆனால் தடை யாருக்குப் போடப்படுகிறது என்று பாருங்கள். அடித்த முதலாளிக்கு அல்ல. அடுத்த மாதம் விமானம் ஏறக் கடன் வாங்கிவைத்திருந்த பெண்ணுக்கு. ஏற்கெனவே அந்த வீடுகளுக்குள் இருந்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நிலையில் தடையால் ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. நான் தடைக்கு முழு எதிரி அல்லன். பேச்சுவார்த்தை மேசைக்கு எதிராளியை இழுக்க அது உதவும். வேலி அமைக்க உதவாது.

தடை போட்டால் போகிறவர்கள் நின்றுவிடுவார்களா?

நிற்பதில்லை. நேபாளம் 2012இல் 30 வயதுக்குக் குறைந்த பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போவதைத் தடுத்தது. 2017இல் எல்லாப் பெண்களுக்கும் அதை விரித்தது. பெண்கள் இந்தியாவுக்குள் வந்து டெல்லி வழியாகப் போனார்கள். இந்தோனேசியா 2015இல் மேற்காசியாவிலும் சுற்றிலும் உள்ள 21 நாடுகளுக்கு வீட்டுவேலைக்கு அனுப்புவதை நிறுத்தியது. சுற்றுலா விசாவிலும் புனிதப் பயண விசாவிலும் பெண்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அப்படிப் போகிறவரிடம் முறையான ஒப்பந்தம் இருக்காது, அவர் பெயர் தூதரகத்தின் பட்டியலிலும் இருக்காது.

தன் நாட்டுப் பெண்ணைக் காப்பாற்றியதற்காகத் தூதரையே வெளியேற்றினார்களாமே? இது என்ன நியாயம்?

அடிக்கடி வரும் கேள்வி இது. நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2018 ஏப்ரலில், தடை அமலில் இருந்தபோதே, பிலிப்பைன்ஸ் தூதரக ஆட்கள் பணிப்பெண்களை மீட்கும் காணொளிகள் வெளியாயின. ஒன்றில், வெளியே ஒரு வண்டி நிற்கிறது, ஒரு பெண் வீட்டிலிருந்து ஓடிவந்து அதில் ஏறுகிறார், வண்டி புறப்பட்டுவிடுகிறது. மணிலாவில் பார்த்தவர்களுக்கு அது வீரச்செயல். குவைத்தில் பார்த்தவர்களுக்கோ, அயல்நாட்டு அதிகாரிகள் தங்கள் தெருவுக்குள் புகுந்து போலீஸ் வேலை பார்த்ததாகத் தெரிந்தது. அங்கே பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டது.

1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தூதர்களுக்கு விலக்குரிமைகளைத் தருகிறது. அதே உடன்படிக்கையின் 41ஆவது பிரிவு, இருக்கும் நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும், உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்றும் சொல்கிறது. 9ஆவது பிரிவின்படி எந்தத் தூதரையும் காரணம் சொல்லாமலேயே ஏற்கத்தகாதவர் என்று அறிவித்து வெளியேற்றலாம். பிலிப்பைன்ஸ் வெளியுறவு அமைச்சர் கயெத்தானோ மன்னிப்புக் கேட்டார். மறுநாள், ஏப்ரல் 25 அன்று, ஒரு வாரத்துக்குள் வெளியேறும்படி தூதர் ரெனாட்டோ வில்லாவிடம் குவைத் சொல்லிவிட்டது. மணிலாவிலிருந்த தன் தூதரையும் திரும்ப அழைத்துக்கொண்டது. சில நாட்களில் துதெர்தே, தடை இனி நிரந்தரம் என்றார்.

நியாயமா என்று கேட்டால், சட்டப்படி குவைத்தின் கை ஓங்கியிருந்தது. ஆனால் அந்தப் பெண் ஓடிவந்த வேகத்தைப் பார்த்த பிறகு, முதலில் போலீஸ் நிலையத்தில் மனு கொடுத்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடிவந்த பெண்தான் குற்றவாளியாகும் நிலையை மேலே கஃபாலா பற்றிய பதிலில் பார்த்தோம். மீட்டது தவறில்லை, அதைப் படம் பிடித்து வெளியே விட்டதுதான் தவறு என்பது என் கருத்து. அந்தக் காணொளியால் மீட்கப்பட்டவருக்கு ஒரு பயனும் இல்லை. காத்திருந்த மற்றவர்களுக்கு வழி அடைபட்டது.

தூதரை விரட்டியவர்கள் சில நாட்களிலேயே கைகுலுக்கிக் கொண்டார்கள். அப்படியானால் எல்லாம் நாடகமா?

ஏப்ரல் 25இல் வெளியேற்றம், மே 11இல் ஒப்பந்தம். இடையில் 16 நாள். மே 16 அன்று நிரந்தரத் தடையும் நீங்கிவிட்டது. நாடகம் என்று சொல்லத் தோன்றுவது இயல்பு.

அப்படி நான் நினைக்கவில்லை. இரண்டு பக்கமும் நீண்ட நாள் தாங்க முடியாத சண்டை அது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆண்டுக்கு 30 பில்லியன் டாலருக்கு மேல் அனுப்பும் நாடு பிலிப்பைன்ஸ். பிள்ளை வளர்ப்பதும் முதியவரைப் பார்த்துக்கொள்வதும் வெளிநாட்டுப் பெண்கள் கையில் இருக்கும் நாடு குவைத். ஒப்பந்தத்தின் வரைவும் சண்டைக்கு முன்பே பேச்சில் இருந்தது. தூதரை வெளியேற்றியதால் குவைத் தன் மக்களிடம் முகம் காத்துக்கொண்டது. அதன் பிறகு கையெழுத்துப் போடுவது அதற்கு எளிதாயிற்று.

அந்த ஒப்பந்தத்தில் அப்படி என்ன இருக்கிறது?

வேலை ஒப்பந்தத்துக்கு பிலிப்பைன்ஸ் அதிகாரிகளின் ஒப்புதல் வேண்டும். புதுப்பிப்பதும் தானாக நடக்கக் கூடாது. உணவு, தங்குமிடம், உடை, மருத்துவக் காப்பீடு முதலாளியின் பொறுப்பு. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. தொழிலாளி செல்பேசி வைத்திருக்கலாம். உதவி கேட்டு எந்த நேரத்திலும் அழைக்க வழி இருக்க வேண்டும்.

படிப்பவர்கள் செல்பேசி வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு ஒப்பந்தத்தில் பெரிதாகப்படுவது அந்த வரிதான். முன்னே பார்த்தபடி, வீட்டுக்குள் அதிகாரி நுழைய முடியாது. எனவே செய்தி வெளியே வர வேண்டுமானால் உள்ளே இருப்பவர் கையில் போன் இருந்தாக வேண்டும். இதற்கு எதிர்ப்பும் வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான அந்தக் கோடையிலேயே, சமூக ஊடகத்தில் லட்சக்கணக்கானோர் பின்தொடரும் ஒரு குவைத் ஒப்பனைக் கலைஞர், பாஸ்போர்ட்டைத் தானே வைத்துக்கொண்டு வாரம் ஒரு நாள் விடுமுறையும் எடுக்கும் வேலைக்காரியை எப்படி வீட்டில் வைப்பது என்ற பொருளில் பேசிக் காணொளி போட்டார். உலகம் முழுக்க வசை வாங்கினார். சில அழகுப் பொருள் நிறுவனங்கள் அவரோடு உறவை முறித்துக்கொண்டன. அவர் வெளிப்படையாகச் சொன்னதைப் பலர் சொல்லாமல் நினைக்கிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது.

ஒப்பந்தம் வந்த பிறகும் 2019இல் கொலை நடந்ததே? காகிதத்தால் என்ன பயன்?

2019 டிசம்பரில் இறந்தவர், தன்னை அடிக்கிறார்கள், சம்பளம் சரியாகத் தருவதில்லை, ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று பல மாதம் முன்பே ஏஜென்சியிடம் முறையிட்டிருந்தார். அதாவது செய்தி வெளியே வந்துவிட்டது. கேட்டவர் அசையவில்லை. முறையீட்டை ஏஜென்சியிடம் கொடுப்பது, திருட்டைப் பற்றித் திருடனின் பங்காளியிடம் சொல்வது போலத்தான்; ஆளைத் திரும்ப அனுப்பினால் ஏஜென்சிக்கு நட்டம்.

அந்த வழக்கில் இன்னொரு விவகாரமும் கிளம்பியது. அதிர்ச்சியாலும் பல காயங்களாலும் இதயமும் மூச்சும் நின்றதால் மரணம் என்ற அளவில்தான் குவைத்திலிருந்து காகிதம் வந்தது. மணிலாவில் தேசியப் புலனாய்வுத் துறை மறுபடியும் பிரேதப் பரிசோதனை செய்தபோது, பழைய அடிகளின் தடயமும் பாலியல் கொடுமையின் தடயமும் தெரிந்தன. 2020 ஜனவரியில் மறுபடி தடை. மாதிரி வேலை ஒப்பந்தம் ஒன்றைக் குவைத் ஏற்றதும் பிப்ரவரியில் அது நீங்கியது. இதயம் நின்று போவது எல்லா மரணத்திலும் நடப்பதுதான். வெளிநாட்டிலிருந்து வரும் இறப்புச் சான்றிதழில் அது மட்டும் எழுதியிருந்தால், எதனால் நின்றது என்று கேட்க வேண்டியது குடும்பமும் அரசும்.

கொலை செய்தவர்கள் தண்டிக்கப்பட்டார்களா? வளைகுடாவில் வெளிநாட்டாருக்கு நீதி கிடைக்காது என்கிறார்களே?

தீர்ப்புகள் வந்திருக்கின்றன. 2018 வழக்கில் கணவன் லெபனானிலும் மனைவி சிரியாவிலும் காவலில் வைக்கப்பட்டார்கள். ஏப்ரல் 1 அன்று குவைத் நீதிமன்றம் அவர்கள் நேரில் இல்லாமலேயே இருவருக்கும் மரண தண்டனை விதித்தது. லெபனான் தன் குடிமக்களை வேறு நாட்டிடம் ஒப்படைப்பதில்லை என்பதால், அந்தத் தீர்ப்பைக் குவைத் நிறைவேற்றுவது எளிதல்ல. 2019 டிசம்பர் வழக்கில், ஓராண்டு கழித்து, வீட்டுக்கார அம்மாளுக்குத் தூக்கும் மறைக்க உதவிய கணவனுக்குச் சிறையும் விதித்தார்கள். 2023 வழக்கில் குற்றவாளி சிறுவன் என்பதால் கொலைக்கு 15 ஆண்டும், உரிமமில்லாமல் வண்டி ஓட்டியதற்கு ஓராண்டும் சிறை.

ஆகவே நீதிமன்றம் கைவிட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தவை உலகச் செய்தியான வழக்குகள் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். சம்பளம் தராதது, பூட்டி வைத்தது, சூடு போட்டது போன்ற வழக்குகளில், பெரும்பாலும் டிக்கெட் வாங்கிக் கொடுத்து ஊருக்கு அனுப்புவதோடு கதை முடிந்துவிடுகிறது.

அப்படியென்றால் அரபு நாட்டுக்காரர்களே கொடியவர்கள் என்றுதானே அர்த்தம்?

இல்லை. 2018 கொலையில் தண்டிக்கப்பட்ட இருவருமே குவைத்தில் வாழ்ந்த வெளிநாட்டவர். 1995இல் நடந்தது சிங்கப்பூரில். ஒரு மனிதரை இன்னொருவர் வீட்டுக்குள், கேட்பாரில்லாமல், பாஸ்போர்ட் இல்லாமல் விட்டால் எந்த ஊரிலும் சிலர் மிருகமாகிவிடுவார்கள். நம் ஊரில் வீட்டுவேலைச் சிறுமிகளுக்கு நடந்த கொடுமைகளைப் படித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்குவார்கள்.

2023இல் தடை போட்டது குவைத் என்று படித்தேன். தலைகீழாக இருக்கிறதே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 2023 ஜனவரிக் கொலைக்குப் பிறகு, பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் பாதித் தடைதான் போட்டது: முதல்முறை வெளிநாடு போகும் வீட்டுவேலைக்காரர்கள் குவைத்துக்குப் போக முடியாது. மே மாதம் குவைத் அதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்தது. பிலிப்பைன்ஸ் நாட்டவர் யாருக்குமே புதிய விசா இல்லை என்றது. வீட்டுவேலைக்காரர், செவிலியர், கடை ஊழியர் எல்லாருக்கும் சேர்த்து.

குவைத்தின் குற்றச்சாட்டுகளைப் பார்த்தால் 2018இன் தழும்பு தெரியும். தூதரகம் காப்பகம் நடத்துகிறது, ஓடிப்போனவர்களை அரசுக்குச் சொல்லாமல் தேடுகிறது, குவைத் குடிமக்களை நேரடியாகத் தொடர்பு கொள்கிறது, ஒப்பந்தத்தில் புதிய விதிகளைத் திணிக்கிறது என்று அது சொன்னது. தவறை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் எதிர்பார்த்தது. தன் மக்களைக் காப்பது தவறாகாது என்று மணிலா இம்முறை மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டது. அதுவரை தடை என்பது அனுப்பும் நாட்டின் ஆயுதம் என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். ஏழை நாடுகள் பல வரிசையில் நிற்கும்போது, வாங்கும் நாடும் அதே ஆயுதத்தை எடுக்கலாம் என்பதைக் குவைத் காட்டியது.

தூதரகத்துக்குள் பெண்களைத் தங்கவைப்பது சட்டப்படி சரியா, தவறா?

தூதரகக் கட்டடத்துக்குள் உள்ளூர் போலீஸ் அனுமதியின்றி நுழைய முடியாது; அது வியன்னா உடன்படிக்கை. 1963ஆம் ஆண்டின் இன்னொரு வியன்னா உடன்படிக்கை, தன் நாட்டவருக்கு உதவுவதைத் துணைத்தூதரகங்களின் கடமையாகவே சொல்கிறது. உள்ளூர்ச் சட்டப்படி ஓடிப்போனவர் என்று பதிவானவரை உள்ளே வைத்துக்கொள்ளலாமா என்பதில்தான் இழுபறி. 2023 தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் காப்பகத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். குவைத் அரசே தனியாக ஒரு காப்பகம் நடத்துகிறது. அங்கேதான் அனுப்ப வேண்டும் என்பது அதன் வாதம். அடிபட்ட பெண் தன் மொழி பேசும் இடத்துக்குத்தான் ஓடுவாள். வாதத்தில் எந்தப் பக்கம் வென்றாலும் இது மாறாது.

இப்போது நிலவரம் என்ன?

2024 ஜூனில் இரு நாடுகளும் சமாதானமாயின. விசாக்கள் மீண்டும் தொடங்கின. ஏற்கெனவே வெளிநாட்டில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்களைத்தான் வீட்டுவேலைக்கு அனுப்புவது என்ற நிபந்தனையோடு.

இந்தியர்களும் இலங்கையர்களும் சாகிறார்களே, நம் அரசுகள் ஏன் இப்படிக் குரல் எழுப்புவதில்லை?

2022 செப்டம்பரில் திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் குவைத்தில் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வேறு வேலை என்று சொல்லி அழைத்துப்போய் ஒட்டகம் மேய்க்க விட்டார்கள், முடியாது என்றார், போன சில நாட்களிலேயே பிணமானார். தமிழ்நாட்டில் செய்தி ஓடியது, உடல் வந்தது, டெல்லிக்கும் குவைத்துக்கும் இடையே வெளியே தெரியும்படி ஒரு சலசலப்பும் இல்லை.

இந்தியா முயலவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்தியப் பெண்ணை நேரடியாக வேலைக்கு எடுக்கும் முதலாளி 2,500 டாலருக்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. குவைத் அதை ஏற்காமல் இந்தியப் பணிப்பெண்களுக்கு விசா தருவதை நிறுத்தியது. 2017இல் இந்தியா விதியைக் கைவிட்டது. 2021 ஜூனில் வீட்டுவேலைக்காரர் பற்றி இரு நாடுகளும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. இலங்கையோ, மூதூரைச் சேர்ந்த இளம் பணிப்பெண் 2013 ஜனவரியில் சவூதியில் தலை வெட்டப்பட்டபோது தன் தூதரைத் திரும்ப அழைத்தது. அந்த வழக்கில் பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டி எழுதி அனுப்பியவர்கள் இலங்கைத் தரகர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

வித்தியாசத்துக்கு என் கணக்கில் பெரிய காரணம் வாக்குரிமை. வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பைன்ஸ் தொழிலாளி 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கிருந்தே வாக்களிக்கலாம். குவைத்தில் இருக்கும் இந்தியர்கள் சுமார் பத்து லட்சம் பேர். வாக்களிக்க வேண்டுமானால் டிக்கெட் எடுத்து ஊருக்கு வர வேண்டும். இலங்கையருக்கும் அதே கதிதான். துதெர்தே துக்க வீட்டுக்கு ஓடியதற்கும் நம் தலைவர்கள் இரங்கல் செய்தியோடு நிறுத்திக்கொள்வதற்கும் இடையே இந்தக் கணக்கும் இருக்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அங்கே போயிருக்கிறார். இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

2018 வழக்கை மறுபடி பாருங்கள். குடும்பம் புகார் கொடுத்திருந்தது; எந்த வீடு என்று தேடிப் போக ஆளில்லை. எனவே ஆள் போன முதல் வாரத்திலேயே முகவரி வாங்கிவிடுங்கள். குவைத்தில் முகவரி என்றால் பகுதியின் பெயர், பிளாக், தெரு, வீட்டு எண். ஒவ்வொரு கட்டடத்தின் சுவரிலும் ஒரு சிறு பலகையில் பாசி (PACI) எண் என்று அழைக்கப்படும் தனி எண் இருக்கும். குடிமைத் தகவல் ஆணையம் தருவது. வாசலில் நின்று அந்தப் பலகையை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும். மற்ற எதுவும் தெரியாவிட்டாலும் அந்த எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

கபீலின் முழுப்பெயரும் செல்பேசி எண்ணும், பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், சிவில் ஐடி (குவைத் அடையாள அட்டை) ஆகியவற்றின் நகலும் ஊரில் ஒருவரிடம் இருக்கட்டும். தொடர்பு நின்றுபோனால் ஏஜென்ட் சொல்லும் ஆறுதலை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். காரணம் 2019 பற்றிய பதிலில் இருக்கிறது. இந்தியர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் பதியலாம், பதிவு எண் கிடைக்கும். இலங்கையர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் எழுத்து மூலம் கொடுக்கலாம். புகாரில் அந்தப் பாசி எண்ணை முதல் வரியிலேயே எழுதுங்கள்.